கார்ப் பெயின்ட்டில் கீறல், ஒடுக்கு, துரு: வீட்டில் சரிசெய்யக்கூடியவையும் பேனல் பீட்டரிடம் (வண்டியின் வெளித்தகட்டைப் பழுது பார்ப்பவரிடம்) விடவேண்டியவையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் காரின் வெளிப்புறத்தில் ஏற்படும் சிறு சேதங்கள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. சாட்ஸ்வர்த்தின் சரிவான வாசல்களில் இரும்புக் கேட்டில் உரசிய கதவு, கடைவளாகத்தில் தள்ளுவண்டி மோதி விழுந்த ஒடுக்கு, என்2 நெடுஞ்சாலையில் கல் தெறித்த பானெட், கடற்காற்றில் பொரிந்த சக்கர வளைவு ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. காப்பீட்டில் நாம் கைப்பணமாகக் கட்டவேண்டிய எக்செஸ் தொகையைவிடப் பழுதுச் செலவு குறைவாக இருப்பதால், இவற்றைப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவற்றுள் எது பொறுக்கும், எது பொறுக்காது என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும். கதவின் நீளத்துக்கும் ஓடும் வெள்ளைக் கோடு ஓராண்டு கழித்தும் அதே கோடாகவே இருக்கும். ஆனால், உலோகம் தெரியும் ஒரு சிறு புள்ளி, கடலுக்கு அருகில் நிற்கும் வண்டியில், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் துருப்பிடித்த கொப்புளமாகிவிடும். ஆகவே நேரமும் பணமும் குறைவாக இருந்தால் பளபளப்பைத் தள்ளிவைத்துவிட்டு, உலோகம் தெரியும் இடங்களை முதலில் மூடுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகள்

வண்டியைக் கார் ஷாம்பூவால் கழுவி, உப்பும் மணலும் போகும்படி நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர விடுங்கள். அழுக்கின் மேல் துணி ஓடினால் புதுக் கீறல்கள் விழும்.

கீறலுக்குக் குறுக்காக விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்காவிட்டால் சேதம் பெரும்பாலும் மேலேயுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் மட்டுமே இருக்கிறது. அடுத்து அந்த இடத்தைத் தண்ணீரால் நனையுங்கள். ஈரத்தில் கோடு மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தோன்றினால் அது பாலிஷில் போகக்கூடியது. நனைந்தபோதும் தெரிந்தால் நிறப்பூச்சு வரை இறங்கியிருக்கிறது.

பழைய வண்டி வாங்கியவர்கள் இன்னும் இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். மெல்லிய துணி சுற்றிய ஒரு சிறு காந்தத்தைப் பேனலின் மீது நகர்த்துங்கள். ஓரிடத்தில் மட்டும் அது ஒட்டாமல் நழுவினால் அங்கே முன்பே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசப்பட்டிருக்கிறது. பேனல் முழுவதுமே ஒட்டாவிட்டால் அது அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். பிறகு, கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் சுட்டு உலர்த்திய பெயின்ட் எளிதில் கரையாது. பெயின்ட் மென்மையாகிப் பிசுபிசுத்து துணியில் வந்தால், யாரோ மலிவான பெயின்ட்டால் மறுபடி அடித்திருக்கிறார்கள். அத்தகைய பேனலில் தின்னர், ஸ்பிரிட், கடுமையான காம்பவுண்ட் (பெயின்ட்டைத் தேய்த்து மழுக்கும் பசை) எதையும் பயன்படுத்தாதீர்கள்.

## அறிகுறி: கோடாகவோ பட்டையாகவோ கீறல்

### வேறொரு நிறம் ஒட்டியிருந்தால்

இதுவே மிக எளியது. உங்கள் பெயின்ட் போய்விட்டதுபோலத் தோன்றினாலும், கேட்டின் பெயின்ட்டோ தூணின் சுண்ணாம்போதான் மேலே படிந்திருக்கிறது. மென்மையான துணியில் மெத்ஸ் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) தொட்டு, அழுத்தாமல், ஒரே திசையில் துடையுங்கள். போகாததை விரல்நுனியில் சிறிது காம்பவுண்ட் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் தேய்த்து எடுக்கலாம். மெத்ஸ் எளிதில் தீப்பற்றும் என்பதால், இறைச்சி சுடும் பிராய் அடுப்பு எரியும் முற்றத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

### நகம் சிக்காவிட்டால்

மைக்ரோஃபைபர் துணியில் காம்பவுண்ட், அதன்பின் பாலிஷ், இறுதியில் மெழுகு என்ற வரிசை போதும். கையாலேயே செய்யுங்கள். வாடகைக்கு எடுத்த பாலிஷ் இயந்திரத்தைப் பழக்கமில்லாதவர் பிடித்தால், பேனலின் விளிம்புகளில் ஓரிரு நொடிகளில் கிளியர் கோட் அறுந்துவிடும். தொழிற்சாலைப் பூச்சின் மொத்தத் தடிமனே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரைதான். அதில் கிளியர் கோட் ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரான். ஒவ்வொரு தேய்ப்பும் அந்த இருப்பிலிருந்தே கழிகிறது.

காம்பவுண்டுக்கு அசையாத கோட்டை 2000, பிறகு 3000 எண் உப்புத்தாளால், சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து மழுக்கலாம். விளிம்பிலும் மடிப்புக்கோட்டிலும் உப்புத்தாளே வேண்டாம். வண்டி பழையதாக, கிளியர் கோட் இல்லாத வெள்ளையோ சிவப்போ ஆக இருந்தால், துணியில் அந்த நிறம் வருவது இயல்பு. மற்ற வண்டியில் துணியில் நிறம் வந்தால் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள்.

### நகம் சிக்கி, உலோகம் தெரியாவிட்டால்

டச்-அப் பெயின்ட் தேவைப்படும். கடையில் வண்டியைக் காட்டி நிறம் கேட்பதைவிடக் குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள். டொயோட்டா வண்டிகளில் அது உற்பத்தித் தகட்டில் 'சி/டிஆர்' என்ற எழுத்துகளுக்கு அருகில், கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும். எங்கும் காணப்படும் அந்த வெள்ளைக்குக் குறியீடு 040. ஃபோக்ஸ்வாகனில் பூட்டில் (பின்புறச் சாமான் அறையில்) மாற்றுச் சக்கரத்தின் அருகிலுள்ள ஸ்டிக்கரில் தேடுங்கள். போலோக்களில் பார்க்கும் கேண்டி ஒயிட் என்பது எல்பி9ஏ.

மெத்ஸால் மெழுகைத் துடைத்தபின், பெயின்ட்டைத் தூரிகையால் இழுக்காமல், பல்குத்தும் குச்சியின் நுனியால் பள்ளத்தில் மட்டும் வைக்க வேண்டும். ஒரே தடவையில் நிரப்பினால் மேலே தோல் படிந்து உள்ளே ஈரமாகவே நிற்கும். மெல்லிய பூச்சாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டு, சுற்றியுள்ள மட்டத்துக்குச் சற்று மேலே வரும் வரை தொடருங்கள். ஒரு வாரம் கழித்துத்தான் மேட்டை 2500 எண் உப்புத்தாளால் சமப்படுத்தி, காம்பவுண்ட் போட வேண்டும். டர்பனின் தை, மாசி மாதப் புழுக்கத்தில் இந்த இடைவெளிகளை இரட்டிப்பாக்குங்கள். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரையுள்ள வறண்ட நாட்களே இந்த வேலைக்கு ஏற்றவை. அப்போதும் காலைப் பனி முற்றிலும் காய்ந்தபின், பத்து மணிக்குமேல் தொடங்குங்கள்.

வெள்ளை நிறத்தில் இந்தப் பழுது ஓரடி தூரத்திலேயே மறைந்துவிடும். வெள்ளி நிற மெட்டாலிக்கில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் தெரியும். ஆயினும் ஈரம் உள்ளே போகாது. ஒரு கையகலத்தைவிடப் பெரிய பரப்பு என்றால் பேனல் பீட்டரிடம் கேளுங்கள்.

### உலோகம் தெரிந்தால்

அன்றைக்கே செயல்படுங்கள். உரிந்து நிற்கும் துணுக்குகளைக் குச்சியால் அகற்றி, துருப் படிந்திருந்தால் சுரண்டி, பிரைமரை (நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சை) ஒரு துளி வைத்து மூடுங்கள். நிறப்பூச்சு அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம். ஆனால், பிரைமரோடேயே மாதக்கணக்கில் ஓட்டுவது தவறு. சாதாரணப் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. சாம்பல் நிறத் திட்டுகளோடு திரியும் வண்டிகளில், அந்தத் திட்டுக்கு அடியிலேயே துரு பரவிக்கொண்டிருக்கிறது.

## அறிகுறி: பானெட்டின் முன்விளிம்பில் பொட்டுப் பொட்டாகப் பெயின்ட் போயிருத்தல்

கல் தெறித்ததே காரணம். என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் லாரிகளுக்குப் பின்னால் நெருங்கி ஓட்டுபவர்களுக்கு இது மிகுதி. மேலே சொன்ன குச்சி முறையே இதற்கும் பொருந்தும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அழகுபடுத்த முயலாமல், உலோகம் தெரியும் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து மூடுங்கள். கண்ணாடியில் பட்ட கல்லடி வேறு விஷயம். விரிசல் நீளும்முன் கண்ணாடிப் பழுது பார்ப்பவரிடம் செல்லுங்கள்.

## அறிகுறி: பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம், பழுப்புக் கசிவு

அலட்சியத்துக்கு மிக அதிகமாக விலை கொடுக்க நேர்வது இங்கேதான். ஐசிபிங்கோ, ப்ளஃப், உம்லாங்கா போன்ற கடலோர இடங்களில் வண்டியை வெளியே நிறுத்துபவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது சக்கர வளைவின் உள்மடிப்பு, கதவின் அடிவிளிம்பு, பூட்டில் எண்பலகையைச் சுற்றிய பகுதி, முன்கண்ணாடி ரப்பரின் ஓரம் ஆகிய நான்கையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

### கொப்புளம் கல்லடிப் புள்ளியைச் சுற்றி மட்டும் இருந்தால்

இது மேலிருந்து தொடங்கிய துரு. வீட்டில் சரிசெய்யலாம். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கொப்புளத்தை உடைத்து, 120 எண் உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். துரு எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தாமல், நல்ல பெயின்ட் உறுதியாகப் பிடித்திருக்கும் இடம் வரை போக வேண்டும். திறந்த பரப்பு முதலில் தெரிந்ததைவிடப் பெரிதாகும். அதற்கு அஞ்சி நடுவில் நிறுத்தியவர்களின் வண்டியில்தான் துரு மறுபடி பூக்கிறது. தேய்க்கும்போது முகமூடியும் கண்ணாடியும் அணியுங்கள்.

பள்ளங்களில் எஞ்சியிருக்கும் கரும்புள்ளிகளுக்குத் துரு மாற்றி திரவத்தைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் வரை விட்டுத் துடையுங்கள். பிறகு எபாக்ஸி பிரைமரோ துத்தநாகம் கலந்த பிரைமரோ இரண்டு பூச்சு. மேடு பள்ளம் இருந்தால் அதன்பிறகே பட்டி. தடிமன் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. துருவின் மேல் நேரடியாகப் பட்டி பூசுவது துருவை ஈரத்தோடு சேர்த்து மூடிவைப்பதாகும். பட்டியும் தண்ணீரை உறிஞ்சும். அதை மூடாமல் ஓர் இரவு வெளியே விடாதீர்கள். 240, 400 எண்களால் சமப்படுத்தி, மீண்டும் பிரைமர், நிறம், கிளியர் என்று முடியுங்கள்.

### கதவின் அடியில் வரிசையாகக் கொப்புளங்கள் இருந்தால்

கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் உண்டு. இலையும் மணலும் அடைத்தால் மழைநீர் உள்ளே தேங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். வளையும் பிளாஸ்டிக் துண்டால் துளைகளைத் திறந்துவிடுங்கள். கதவைச் சாத்தித் திறக்கும்போது உள்ளே தண்ணீர் ஆடும் ஓசை கேட்டால் காரணம் இதுவே. துளையைத் திறந்தபின், உள்ளே தெளிக்கும் மெழுகு வகைத் துருத்தடுப்பை நீண்ட குழாய் கொண்டு அடிக்கலாம். வெளியே என்ன பூசினாலும், உள்ளே ஈரம் தேங்கும் வரை அது நிலைக்காது.

### ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தும்போது உள்ளே போனால்

அங்கே இரும்பு இல்லை. பெயின்ட்டும் துருவும்தான் இருக்கின்றன. வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். இது பேனல் பீட்டரின் வேலை. கதவுக்குக் கீழுள்ள நீள்சட்டம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், இருக்கைப்பட்டை பொருத்தப்பட்ட இடம் ஆகியவற்றில் துரு கண்டால், அழுத்திப் பார்த்துக்கொண்டிராமல் வண்டியைக் காட்டுங்கள். அவை மோதலில் உயிர் காக்கும் பகுதிகள். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்னும் ரோட்வொர்தி சான்றிதழும் அங்கேயே தடைபடும். அந்த இடங்களைப் பட்டியால் மூடி வண்டியை விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குபவர் காந்தத்தை எடுத்துச் செல்வது நல்லது.

## அறிகுறி: ஒடுக்கு

### உலோகப் பேனலில், பெயின்ட் உடையாமல்

ஒடுக்கு அகலமாகவும் ஆழமில்லாமலும், நடுவில் மடிப்பு இல்லாமலும் இருந்தால், ஈரப்படுத்திய உறிஞ்சு கிண்ணத்தை வைத்து நேராக இழுத்துப் பாருங்கள். கதவின் நடுப்பகுதியில் சில வேளை ஒரே இழுப்பில் வெளிவரும். சிறிய, கூர்மையான ஒடுக்கு இதற்கு அசையாது. ஹேர் டிரையரால் சூடாக்கி, குளிர்ந்த காற்றை அடிக்கும் உத்தி எஃகுப் பேனலில் பெரும்பாலும் பயன் தருவதில்லை. பெயின்ட்டுக்கு மட்டும் தீங்கு. பின்புறமிருந்து சுத்தியலால் தட்டாதீர்கள். தகடு நீண்டு, ஒரு பள்ளம் பல மேடுகளாகும். கதவு உறையைக் கழற்றுவதும் வேண்டாம், ஏனெனில் சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்கின் உணர்கருவி அதற்குள் இருக்கிறது.

பெயின்ட் உடையாத ஒடுக்கை, பெயின்ட் அடிக்காமலேயே கம்பிகளால் உள்ளிருந்து தள்ளி எடுக்கும் தனித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பட்டியும் பெயின்ட்டும் இல்லாததால் செலவு குறைவு. தொழிற்சாலைப் பூச்சும் தப்பும். நீங்கள் முதலில் முயன்று தகட்டை மடித்துவிட்டால் அவரால் எடுக்க முடியாமல் போகும். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களையொட்டிய லெனேசியா, லாடியம் பக்கத்து உறவினர்களின் வண்டிகளில் கோடைப் பிற்பகல் ஆலங்கட்டி மழையால் விழும் பல சிறு ஒடுக்குகளுக்கும் இவர்களே தகுந்தவர்கள். அதற்குக் காப்பீட்டையும் கேட்டுப் பாருங்கள்.

### பிளாஸ்டிக் பம்பரில்

வெந்நீர் இங்கே உண்மையிலேயே உதவும். கொதித்து இறக்கிய தண்ணீரை ஒடுக்கின் மேல் மெதுவாக ஊற்றி, கையுறை அணிந்து பின்புறமிருந்து தள்ளுங்கள். வடிவம் திரும்பியதும் குளிர்ந்த நீர் ஊற்றினால் நிலைத்துவிடும். பார்க்கிங் சென்சாரோ ரேடாரோ உள்ள பம்பரில் இதைச் செய்யாதீர்கள்.

பம்பர் ஒரு பக்கம் தொங்கினால் உடைவு என்று முடிவு கட்டும் முன் கிளிப்புகளைப் பாருங்கள். மிக மலிவான ஒரு பிளாஸ்டிக் கிளிப் தெறித்திருப்பதே அடிக்கடி காரணம். நுனியில் சிறு விரிசல் என்றால் பின்புறம் கம்பிவலை வைத்துச் சூட்டால் இணைக்கலாம். பிடிமானக் காது உடைந்திருந்தால், அதே நிறப் பம்பரைப் பழைய உதிரிபாகக் கடையில் தேடுவதே என் பரிந்துரை. பெயின்ட்டுக்கும் கூலிக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டால் அதுதான் பல வேளை மலிவு. பம்பருக்கு நீங்களே பெயின்ட் அடித்தால் பிளாஸ்டிக்குக்கான பிரைமரை விட்டுவிடாதீர்கள்; அது இல்லாமல் பூச்சு தோலாக உரியும்.

## அறிகுறி: கறை, படிவு, அரித்த தடம்

ஹதீடா (ஒருவகை அரிவாள்மூக்கன்), மைனா ஆகிய பறவைகளின் எச்சங்களைக் காய்ந்தபின் சுரண்டாதீர்கள். நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்திவைத்தால் அது ஊறி வந்துவிடும். எடுத்தபின் வளையமாகத் தடம் தெரிந்தால் பாலிஷ் போட்டுப் பாருங்கள். அதற்கும் மறையாத ஆழத்தை விட்டுவிடுவதே நல்லது.

டொங்காட், வெருலம், ஸ்டாங்கர் பகுதிகளில் ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான அரவைக் காலத்தில் கரும்புத் தோட்டங்களை எரிக்கும்போது கரித்துகள் வண்டியின் மேல் விழும். துணியால் தட்டினால் அது பெயின்ட்டில் கரும்பட்டையாக இழுபடும். முதலில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து இறக்கிவிட்டு, பிறகே சோப்பு போடுங்கள். தார்ப் புள்ளிகள் பாரஃபின் (மண்ணெண்ணெய்) தொட்ட துணிக்கு இளகிவிடும். அதன்பின் சோப்பால் கழுவிவிடுங்கள்.

வண்டி பூசையில் வைத்த மஞ்சள் வெள்ளைப் பெயின்ட்டில் கறையாக நின்றால் காம்பவுண்டை எடுக்க வேண்டாம். கழுவிவிட்டு வெயிலில் நிறுத்துங்கள். மஞ்சளின் நிறம் சூரிய ஒளியில் சில நாட்களில் மங்கிவிடும். டச்-அப் செய்த இடம் முழுதும் இறுகும் வரை, சில வாரங்களுக்கு, குங்குமமும் மஞ்சளும் அதன் மேல் படாமல் கண்ணாடியில் வைப்பது நல்லது.

## அறிகுறி: கூரையிலும் பானெட்டிலும் வெளுப்பு அல்லது உரிதல்

வெளுப்பு சீராகவும், தடவும்போது வழவழப்பாகவும் இருந்தால் பாலிஷும் மெழுகும் நிறத்தை மீட்கலாம். வெள்ளைத் திட்டுகளின் ஓரம் நகத்தில் தட்டுப்பட்டு, செதிலாக எழுந்தால் கிளியர் கோட் விட்டுப்போய்விட்டது. அதன் மேல் பாலிஷ் போடுவது உரிதலை விரைவுபடுத்தும். ஸ்பிரே டப்பாவில் கிளியர் அடித்தாலும் ஓரங்கள் தெரியும். பேனல் முழுவதையும் தேய்த்து மறுபடி அடிப்பது ஒன்றே தீர்வு. கடினப்படுத்தி கலந்த இருகூறு கிளியரில் ஐசோசயனேட் உள்ளது; அது நுரையீரலுக்குக் கேடு. சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. வீட்டுக் கராஜில் அதை அடிக்காதீர்கள்.

## அறிகுறி: முகப்பு விளக்கு மஞ்சளித்து மங்குதல்

மங்கல் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றியதும் தெளிவடைந்தால் அது வெளியே. சுற்றிலும் டேப் ஒட்டி, 1000, 1500, 2000, 3000 என்ற வரிசையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியாகப் புற ஊதாக் கதிர்த் தடுப்புப் பூச்சைக் கட்டாயம் பூச வேண்டும். அது இல்லாவிட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளிக்கும். பற்பசை கொண்டு தேய்ப்பதன் பலன் நீடிக்காததும் இதனால்தான். ஈரம் உள்ளே படிந்திருந்தால் பின்மூடியும் ரப்பர் வளையமும் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் தேங்கி நின்றாலோ, உள்ளேயுள்ள வெள்ளிப்பூச்சு உரிந்திருந்தாலோ விளக்கையே மாற்ற வேண்டும்.

## அறிகுறி: அலாய் சக்கரத்தில் நடைபாதை உரசல்

பெயின்ட் அடித்த சக்கரமாக இருந்தால் 240, 400 எண்களால் மழுக்கி, டயரை மறைத்து, சக்கர ஸ்பிரே அடிக்கலாம். கடைசல் செய்து பளபளக்கும் முகமுள்ள சக்கரம் வீட்டில் ஆகாது. விளிம்பு வளைந்திருந்தாலோ விரிசல் கண்டாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டுச் சக்கரக் கடையில் காட்டுங்கள்.

## அறிகுறி: நீங்கள் அடித்த ஸ்பிரேயே கெட்டுப்போதல்

வெண்படலம் படர்ந்தால் காற்றிலிருந்த ஈரம் பெயின்ட்டில் சிக்கிவிட்டது. வறண்ட நாள்வரை விட்டு, லேசாகப் பாலிஷ் போட்டுப் பாருங்கள். போகாவிட்டால் மெல்லத் தேய்த்து மறுபடி ஒரு மெல்லிய பூச்சு. வடிந்து கோடிட்டால், முற்றிலும் உலர்ந்தபின் வடிந்ததை மட்டும் 1500 எண்ணால் சமப்படுத்துங்கள். ஈரமாக இருக்கும்போது விரல் வைக்காதீர்கள். பூச்சு சுருங்கிப் பொரிந்தால் அடியிலுள்ள பழைய பெயின்ட்டோடு அது ஒத்துப்போகவில்லை. இரண்டையும் சுரண்டி எடுக்க வேண்டும். குறியீடு சரியாக இருந்தும் நிறம் வேறுபட்டுத் தெரிந்தால், பகல் வெளிச்சத்தில், வண்டி உலர்ந்திருக்கும்போது இன்னொருமுறை ஒப்பிடுங்கள். அப்போதும் வேறுபட்டால், வெயிலில் மங்கிய உங்கள் வண்டியின் இன்றைய நிறத்துக்கேற்பக் கலந்து, பக்கத்துப் பேனல் வரை படிப்படியாகப் படர்த்தி அடிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பேனல் பீட்டரின் துப்பாக்கியும் தூசியில்லாத அறையும் தேவை.